ஆறுதல் கடிதத்தை எழுதியது யார்?

நீங்கள் மும்பையிலோ புனேயிலோ ஓர் அலுவலகத்தில் பத்துப் பேருக்குப் பொறுப்பாளராய் இருக்கலாம். அவர்களில் ஒருவருடைய தகப்பனார் ஊரில் மரித்துவிட்டார் என்று செய்தி வருகிறது. ஆங்கிலத்தில் நான்கு வரி ஆறுதல் எழுதவேண்டும். நம்மில் பலருக்கு அந்த ஆங்கிலம் எளிதில் வருவதில்லை. செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் அரை நிமிடத்தில் பிழையற்ற கடிதம் ஆயத்தமாகிவிடும். அனுப்பிவிடலாமா?

அமெரிக்காவில் ஒரு கல்லூரி அப்படித்தான் அனுப்பியது. 2023 பிப்ரவரி 13 அன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மாணவர்கள் மூவர் உயிரிழந்தனர். மூன்று நாட்களுக்குப்பின், டென்னசி மாநிலத்திலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி தன் மாணவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. ஒருவருக்கொருவர் துணைநிற்க வேண்டும் என்று சொன்ன அந்தக் கடிதத்தின் அடியில், அது சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதப்பட்டது என்ற குறிப்பும் இருந்தது. மறைக்காமல் சொன்னது நேர்மையே. ஆயினும் மாணவர்கள் வெகுவாய்ப் புண்பட்டனர். மறுநாளே கல்லூரி மன்னிப்புக் கேட்டது. வார்த்தைகளில் குறையில்லை. துணைநிற்கச் சொன்னவர்கள் அதற்காகத் தங்கள் நேரத்தில் சில நிமிடங்களையும் கொடுக்கவில்லை என்பதே வேதனை.

துக்கவேளையில் இயந்திரத்தைப் பேசவிட்டதால் கனடாவிலும் ஒரு வழக்கு எழுந்தது. 2022இல் பாட்டியை இழந்த பயணி ஒருவர், துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகையைக் குறித்து ஏர் கனடாவின் இணையதள உரையாடல் செயலியிடம் கேட்டார். பயணச்சீட்டு வாங்கியபின் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது அது. நிறுவனத்தின் விதியோ வேறு, சலுகை மறுக்கப்பட்டது. செயலி சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, வட்டியும் கட்டணமும் உட்பட சுமார் 812 கனடா டாலர் கொடுக்க உத்தரவிட்டது. தன் பெயரில் பேசவிட்டவரே பதில் சொல்லவேண்டியவர்!

அறிக்கைகளுக்கும் விடுப்பு விண்ணப்பங்களுக்கும் இக்கருவியைத் தாராளமாய்ப் பயன்படுத்துங்கள். நீங்கள் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தவும் அது உதவும். ஆனால் தகப்பனை இழந்தவர் இன்றிரவே புறப்படவேண்டுமே! திருநெல்வேலிக்கு ரயிலில் இடம் கிடைத்ததா, கையில் பணம் இருக்கிறதா, அவருடைய வேலையை யார் பார்த்துக்கொள்வது? எழுந்துபோய் அவரருகில் உட்கார்ந்து கேளுங்கள். உடைந்த ஆங்கிலமே போதும். அவர் தமிழரானால் அதுவும் வேண்டியதில்லை.