2319: முன் டயரின் வயது

மோட்டார் சைக்கிள் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. மன்னாரின் எருக்கலம்பிட்டியில் இன்று ஓடும் பைக்குகளில் 2020க்கு முந்தியவையே மிகுதி.

பின் டயர் சீக்கிரம் தேயும், மாற்றிவிடுகிறோம். முன் டயரில் தவாளிப்பு இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் சடுதியாகப் பிரேக் பிடித்தால் பாரத்தின் பெரும்பங்கு சாய்வது முன் சக்கரத்தில்தான். அது வழுக்கினால் விழாமல் தப்புவது அரிது.

தேயாமலே டயர் கிழடானதற்கு 2022 ஒரு காரணம். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. ஜூனில் பெற்றோல் லீற்றர் 470. ஓகஸ்டில் கியூஆர் பங்கீட்டு முறையில் பைக்குக்கு வாரம் 4 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடினாலும் 200தான். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வேரூன்றி, இரண்டு ஊரிலும் வீடு வைத்திருக்கும் குடும்பங்களில் ஒரு வீட்டுப் பைக் மாதக்கணக்கில் நிற்கவும் கூடும். நிற்கும் டயர் கெடாது என்று நினைக்க வேண்டாம். ரப்பரில் கலந்த காப்பு மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் நன்றாக மேலே கசியும். நின்றால் வெயிலில் ரப்பர் இறுகிவிடும், ஓசோனால் வெடிப்பு விழும். தவாளிப்பின் அடியை விரித்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் தெரியும். நகத்தால் அழுத்தினால் பதியாது.

தலைமன்னார் வீதியில் இரவில் கழுதைகள் குறுக்கே நிற்கும். 50 கிலோமீற்றர் வேகத்தில், கண்டு பிரேக்கைத் தொட ஒரு வினாடி: 14 மீற்றர் போய்விடும். நல்ல பிடிப்புள்ள டயர் இன்னொரு 14 மீற்றரில் நிற்கும். பிடிப்பு பாதியானால் அது 28. ஆகமொத்தம் 28 மீற்றரில் நிற்க வேண்டிய பைக் 42இல் நிற்கும். கழுதை 30 மீற்றரில் நின்றால்?

மன்னாரின் ஆண்டு மழை சுமார் 1,000 மில்லிமீற்றர். பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும். மாதக்கணக்கில் எண்ணெயும் புழுதியும் படிந்த தாரில் விழும் முதல் மழைதான் இறுகிய டயருக்கு மிக மோசம்.

2012இல் இங்கிலாந்தில் மூவர் உயிரைப் பறித்த பஸ்ஸின் முன் டயருக்கு வயது 19க்கு மேல். 2021 பெப்ரவரி முதல் அங்கே பஸ், லொறிகளின் முன் அச்சில் 10 வயது கடந்த டயருக்குத் தடை. மோட்டார் சைக்கிள் அந்தத் தடையில் இல்லை. ஐந்து ஆண்டு பாவித்தபின் வருடந்தோறும் சோதிக்கவும், செய்து பத்து ஆண்டானால் முன்னெச்சரிக்கையாகக் கழற்றவும் டயர் நிறுவனமான மிச்லின் சொல்கிறது. மன்னார் வெயிலுக்குப் பத்து மிக அதிகம் என்பது என் எண்ணம். 2319 என்று கண்டால் வரும் ஒக்டோபர் மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.