மடங்கிய கைக்குள்ளே!

மாமனாருக்குப் பாரிச வாயு கண்டு ஆறு மாதமாகிறது. வேளாவேளைக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுக்கிறீர்கள். சரி, மடங்கிப் போன அந்தக் கையை விரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

திருமங்கலத்துச் சித்திரை வெயிலில் நடமாடுகிறவர்களுக்கே படர்தாமரை வருகிறது. அசையாத உள்ளங்கையிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வியர்வை தங்கினால் கேட்கவா வேண்டும்! தோல் வெளுத்து ஊறியிருக்கிறதா? சிவந்து வாடை வீசுகிறதா? பூஞ்சைக் காளான் குடியேறியிருக்கலாம். மரத்துப் போன பக்கமானால் அவருக்கு அரிப்பே தெரியாது. பேச்சும் போயிருந்தால் யாரிடம் சொல்வார், பாவம்!

மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்குங்கள். விரல்கள் தாமே தளரும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். கழுவுவதைவிட ஈரம் போக உலர்த்துவதுதான் முக்கியம். பிறகு பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளங்கையில் வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அவர் துண்டை வேறு யாரும் தொட வேண்டாம்.

கடையில், "படைக்கு ஒரு களிம்பு கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். படையோ சத்தமில்லாமல் பரவும். 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-இல் உத்தரவிட்டது சும்மாவா? நீரிழிவும் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தொடையிடுக்கைத் துடைக்க மருமகளுக்குக் கூச்சமா? மகன் எதற்கு இருக்கிறார்? அவரைக் கூப்பிடுங்கள்!