ஜோஹாரி சன்னல்

'ஜோஹாரி' என்றதும் யாரோ மலாய்க்காரர் என்றே நானும் எண்ணினேன். 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் எனும் அமெரிக்க உளவியலாளர் இருவர் தம் பெயர்களை ஒட்டி வைத்த பெயராம். நம்மைப் பற்றி நாமும் பிறரும் அறிந்தவை, அறியாதவை என அதில் நான்கு கட்டங்கள். தலைவருக்கு ஆபத்தானது, பிறருக்குத் தெரிந்தும் தமக்குத் தெரியாத குருட்டுக் கட்டம். பிறர் சொன்னாலன்றி அது சுருங்காது.

தொழிற்பயிற்சியில் எங்கள் மேற்பார்வையாளர், "எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள்" என்பார். யாராவது வாய் திறந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வேலைமுறை மாறிய வாரம், புதிய அட்டவணையிலிருந்த பிழையை எங்களுள் நால்வர் கண்டோம். ஒருவரும் சொல்லவில்லை. குழுவுக்கு மாறத் தெரியாமலில்லை, சொல்லத்தான் வழியில்லை.

சென்ற மாதக் கழகக் கூட்டத்தில், பேசிக்கொண்டிருந்த தம்பி ஒருவன் பாதியில் நிறுத்தி என்னைக் கேட்டான்: "அண்ணே, அவசரமா போகணுமா?" அப்போதுதான் என் மணிக்கட்டைக் கவனித்தேன்.