மேட்டில் சைக்கிள் மிதிக்கும் தோழர்களுக்கு



ஞாயிற்றுக்கிழமை காலையில் தாப்பா ரோட்டோரம் நின்று பாருங்கள். கேமரன் மலைக்குப் போகிற பாதையில் பளபளவென்று சட்டை போட்ட சைக்கிள்காரர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருப்பார்கள். முன்பு இதைப் பட்டணத்துக்காரர் விளையாட்டு என்று வேடிக்கை பார்த்தோம். இப்போது நம் லயத்துப் பிள்ளைகளும் கியர் சைக்கிள் வாங்கிவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்து அப்பாமாரும் கிளம்பிவிட்டார்கள். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மேடு ஏறும் விதம் தெரியாமல் ஏறி, மறுநாள் என் முன்னால் வந்து உட்காருகிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருவர் வந்தார். வயது 48, குலை வெட்டுகிறவர். "டிரசரய்யா, வாயு பிடிச்சிருக்கு. ஓமத் தண்ணி குடிச்சேன், போகலே" என்றார். விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மகனோடு மேடு ஏறியிருக்கிறார். பாதி மேட்டில் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போல் இருந்திருக்கிறது. இறங்கி நின்றார், விட்டுவிட்டது. மறுபடி மிதித்தார், மறுபடி அமுக்கியது. மகன் முன்னால் போகிறான், நாம் எப்படி இறங்கித் தள்ளுவது என்ற வெட்கத்தில் உச்சி வரைக்கும் மிதித்தே போயிருக்கிறார். என்னிடம் வந்தது செவ்வாய்க்கிழமை. உடனே ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இருதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி கெட்டுவிட்டது. இனிமேல் அவர் குலை தூக்க முடியாது.

"நாள் பூரா இருபது கிலோ குலையைத் தூக்கிறோம், மேடு நம்மை என்ன செய்யும்?" என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. குலை வெட்டும்போது ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. மேடு அந்த நேரத்தைக் கொடுக்காது. தொடையிலும் பிட்டத்திலும் உள்ள பெரிய தசைகள் நிற்காமல் ரத்தம் கேட்கும். இருதயம் நிற்காமல் கொடுத்தாக வேண்டும். வேலையில் கெட்டிக்காரன் என்பதால் இருதயக் குழாய் சுத்தமாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதிலும் சிகரெட்டும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மேடு என்பது கடைக் கடன் மாதிரி. 300 வெள்ளி கடன் என்றால் 300 வெள்ளி கட்டித்தான் ஆக வேண்டும். ஒரே மாதத்தில் கட்டினால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆறு மாதத் தவணையில் கட்டினால் தெரியாமல் போய்விடும். மேடும் அப்படித்தான். உங்கள் உடம்பையும் சைக்கிளையும் அவ்வளவு உயரம் தூக்குவதற்கு ஆகும் உழைப்பு, வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாதி வேகத்தில் போனால் ஒரு நிமிடத்துக்கு இருதயம் கட்ட வேண்டிய தவணை பாதியாகிவிடும்.

கியர் இருப்பது அதற்காகத்தான். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் வரும்படி மாற்றிக்கொண்டால் கால் இலேசாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும். மேடு தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பாதி மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும். சீட்டையும் பாருங்கள். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி கொஞ்சம் மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட்டு தாழ்ந்திருந்தால் மேட்டின் பாரமெல்லாம் முட்டியில் விழும். பிறகு எண்ணெய் தேய்த்துப் பயனில்லை.

மேட்டுக்கு மேடு வித்தியாசம் உண்டு. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். உயரம் 1,400 மீட்டருக்குச் சற்று மேலே. சராசரி பார்த்தால் 100 மீட்டர் தூரத்துக்கு இரண்டரை மீட்டர் ஏற்றம்கூட இல்லை. செங்குத்து அல்ல, நீளம்தான் ஆளைக் கொல்லும். கெந்திங் மலை வேறு ரகம். கோத்தோங் ஜெயாவுக்கு மேலே ஏற்றம் 10 விழுக்காட்டையும் தாண்டும் இடங்கள் உண்டு. 1996-ல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயத்தில் வெளிநாட்டு வீரர்கள் பல ஆண்டுகள் திணறிய மலை அது. தோட்டத்துக்குள் சைக்கிள் மிதித்துப் பழகியவர் அடுத்த ஞாயிறே அங்கே போக வேண்டிய அவசியம் என்ன?

அளவு தெரிவது எப்படி? பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பேச முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். அதற்கும் முடியலேன்னா இறங்கித் தள்ளுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் சிரிக்கட்டும்.

நம் ஊர் புழுக்கத்தில் வேர்வை காய்வதில்லை; மேட்டில் மெதுவாகப் போகும்போது முகத்தில் காற்றும் அடிக்காது. அதனால் உடம்புச் சூடு உள்ளேயே தங்கும். விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றி, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் நிழலில் படுத்து உடம்பை நனைத்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறினால் அது சாதாரண மயக்கம் அல்ல. உடனே ஆஸ்பத்திரி.

இனிப்பு நீர் உள்ளவர்களிடம் கொஞ்சம் அதிகம் பேச வேண்டும். 2023-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. சைக்கிள் மிதிப்பது அவர்களுக்கு மிகவும் நல்லது. ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மேடு ஏறினால் சீனி திடீரென்று இறங்கிவிடும். சில சமயம் ஏறும்போது இறங்காமல் அன்று ராத்திரி தூக்கத்தில் இறங்கும். சீனி இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இதில்தான் ஆபத்து. மேட்டில் எல்லாருக்கும்தான் வேர்க்கும், எல்லாருக்கும்தான் படபடக்கும்; எது சீனி, எது மேடு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே பசியாறாமல் கிளம்பக்கூடாது. சட்டைப்பையில் நான்கைந்து மிட்டாய் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் நின்று வாயில் போடுங்கள். சிலிப்பரோடு மிதிக்காதீர்கள். காலில் மரத்துப்போன இடத்தில் புண் பட்டால் உங்களுக்குத் தெரியாது.

கொதிப்பு மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். "மாத்திரை போட்டா மிதிக்க வரமாட்டேங்குது" என்கிறார்கள். சில கொதிப்பு மாத்திரை இருதயத் துடிப்பை அடக்கி வைக்கும், உண்மைதான். அதற்கு மெதுவாகப் போவதுதான் வழி. மாத்திரையை நிறுத்தலாமா, மாற்றலாமா என்பது டாக்டர் முடிவு.

இனி இறக்கம். ஏறும்போது களைப்பு, இறங்கும்போது காயம். என் கட்டுத்துணி பெரும்பாலும் இறக்கத்துக்குத்தான் செலவாகிறது. பிரேக்கைப் பிடித்த பிடியிலேயே வைத்திருந்தால் சக்கரத்தின் வளையம் சூடேறும். வேகம் கூடுவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிடிக்காதீர்கள், நுழையும் முன் பிடியுங்கள். மழை பெய்திருந்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். செம்மண் ரோட்டில் சரளைக்கல் வேறு கிடக்கும்.

பிள்ளைகள் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவதைப் பார்த்தால் சும்மா விடாதீர்கள். 2017 பிப்ரவரி 18 அதிகாலை ஜொகூர் பாருவில் கார் மோதி எட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் கூட்டமாக ஓட்டிவந்தது 'லாஜாக்' என்று சொல்லும் மாற்றியமைத்த சைக்கிள்கள். அப்படிப்பட்ட சைக்கிளில் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது.

நெஞ்சு விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். மிதிக்கும்போது நெஞ்சில் அமுக்கம், அது தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ ஓடினால், அல்லது திடீரென்று குளிர்ந்து வேர்த்தால் நிறுத்துங்கள். நின்றதும் போய்விட்டது என்று மறுபடி ஏறாதீர்கள். அன்றே வந்து காட்டுங்கள். நின்றும் போகவில்லை என்றால் 999-க்குக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் மட்டும் வரலாம். ஓமத் தண்ணி அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், மேடு ஏற ஆசைப்பட்டால் அதற்கு முன் ஒரு நாள் கிளினிக்குக்கு வாருங்கள். கொதிப்பும் சீனியும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சைக்கிளிலேயே வரலாம். பிரட்டுக்களத்திலிருந்து கிளினிக் வரைக்கும் ரோடு மட்டம்தான்.