ஏஸைக் காட்டி மிரட்டுபவரிடம் என்ன கணக்கு?

பம்பாய் மாதுங்காவின் தமிழ் வீடுகளில் தீபாவளி விடிகாலையிலேயே முடிந்துவிடும். எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, கொஞ்சம் வெடி. ஏழு மணிக்கு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுவார்கள். எதிர்வீட்டுக் குஜராத்திக் குடும்பத்துக்கோ பண்டிகை சூடுபிடிப்பதே லட்சுமி பூஜை முடிந்த இரவில்தான். விளக்கு, மிட்டாய், அப்புறம் தரையில் விரித்த வெள்ளைத் துணியைச் சுற்றி உட்கார்ந்து தீன் பத்தி. நம்மவர்களுக்கு அது மூணு சீட்டு.

ஆளுக்கொரு தொகையை முதலில் நடுவில் போட வேண்டும். பம்பாய்ப் பேச்சில் அதற்கு பூட் என்று பெயர். பிறகு மூன்று சீட்டு. 52 சீட்டிலிருந்து மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அவற்றில் 16,440 கைகள் ஒன்றுக்கும் உதவாதவை: ஜோடி கிடையாது, வரிசை கிடையாது, ஒரே ஜாதியும் இல்லை. நூற்றுக்கு 74 தடவை கையில் இருப்பது வெறும் குப்பை. உங்களுக்கு மட்டுமல்ல, சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இதே கதிதான். ஆகவே முகத்தில் எதையும் காட்டாமல் முதலில் யார் தொகையை ஏற்றுகிறாரோ, பெரும்பாலும் அவர் சீட்டைக் காட்டாமலே பூட் பணத்தை அள்ளிக்கொண்டு போய்விடலாம். போக்கர்காரர்கள் இதைத் திருட்டு என்றே சொல்கிறார்கள். சட்டப்படி குற்றமில்லாத திருட்டு. ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அந்தத் திருட்டைத் தடுப்பது எப்படி என்ற கேள்வி மிக அழகாக விரியும் ஆட்டம் தீன் பத்தி அல்ல, அதன் தூரத்து உறவான ஏழு சீட்டு ஸ்டட். அதிலும் பங்கு பிரிக்கும் வகை. ஒவ்வொருவருக்கும் முதலில் இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் வரும். பிறகு மூன்று சீட்டுகள் திறந்தபடி, கடைசி ஒன்று மறுபடி கவிழ்த்து. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்து உயர்ந்த கை வைத்திருப்பவருக்கு நடுப்பணத்தில் பாதி. மிகத் தாழ்ந்த கைக்கு மறுபாதி. தாழ்ந்த கை என்றால் எட்டும் எட்டுக்குக் கீழும் உள்ள ஐந்து வெவ்வேறு எண்கள். அப்படி யாருக்கும் அமையாவிட்டால் உயர்ந்த கைக்கே முழுப்பணமும். தீன் பத்தியில் தாழ்ந்த கை ஜெயிக்கும் முஃப்லிஸ் ஆடியவர்களுக்கு, அதையும் சாதாரண ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் ஆடுவது போலிருக்கும்.

இதில் ஏஸ் இரட்டை வேடக்காரன். உயர்ந்த கைக்கு அதுதான் உச்சம், தாழ்ந்த கைக்கு அதுவே அடிமட்டம். அதனால் திறந்த சீட்டாக ஏஸ் வந்தவர், கவிழ்ந்திருக்கும் இரண்டும் குப்பையாக இருந்தாலும், தொகையை ஏற்றி மிரட்டிப் பார்ப்பார்.

எண்களை வைத்துப் பார்ப்போம். பணம் வேண்டாம், புள்ளி போதும். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. எட்டுப் பேர், ஆளுக்குப் பத்துப் புள்ளி, ஆக 80. திறந்த சீட்டு யாருக்கு ஆகச் சிறியதோ அவர் கட்டாயமாக 20 போட வேண்டும். நடுவில் 100. எல்லோரும் ஒவ்வொருவராகக் கவிழ்த்துக்கொண்டே வர, ஏஸ்காரர் 80 வைக்கிறார். அவர் பணயம் வைப்பது 80, கிடைக்கக்கூடியது 100. ஒன்பது தடவை முயன்று நான்கு தடவை எல்லோரும் பின்வாங்கினால் 400 வரவு. ஐந்து தடவை மாட்டினால் 400 செலவு. சரிக்குச் சரி. தடுக்க வேண்டியவர்களின் வேலை, ஒன்பதில் ஐந்து தடவைக்குக் குறையாமல் யாராவது ஒருவர் எதிர்த்து நிற்பது.

பாதிக்கும் மேலே எதிர்க்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். ஏஸ்காரருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் பாக்கி என்றால், ஒவ்வொருவரும் நான்கில் ஒரு தடவை நின்றாலே போதும். மூவருமே விலகிப்போகும் வாய்ப்பு முக்கால், முக்கால், முக்கால் என்று பெருகி 42 சதவீதமாகச் சுருங்கிவிடும். திருடருக்குத் தேவையான 44 சதவீதத்துக்கு அது எட்டாது. பிடிபட்ட பிறகும் அவருக்கு நல்ல சீட்டு வரலாம் என்பதால் இதை விடச் சற்றுக் கூடுதலாகவே எதிர்க்க வேண்டியிருக்கும். ஆனால் யாரும் வீராதி வீரராக வேண்டியதில்லை. பாக்கியிருப்பவர் ஒரே ஒருவர் என்றால்தான் பாரம் முழுக்க அவர் தலையில் விழுகிறது.

லோக்கல் ரயிலிலும் இதே கணக்குதான். செம்பூரிலிருந்து குர்லாவுக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட் 5 ரூபாய். இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். 51 பயணத்தில் ஒரு தடவைக்கு மேல் மாட்டினால் போதும், ஓசிப் பயணம் நஷ்டக் கணக்காகிவிடும். டிக்கெட் பரிசோதகர் ஒவ்வொரு பெட்டியிலும் ஏறுவதில்லை, ஏறவும் தேவையில்லை. சீட்டு மேசையில் அபராதம் இவ்வளவு கடுமையாக இல்லாததால் காவல் அடிக்கடி தேவைப்படுகிறது, கணக்கு ஒன்றேதான்.

இனி, கட்டாயப் பணம் போட்டவர் பக்கம் வருவோம். அவர் ஏற்கெனவே 20 போட்டிருக்கிறார், ஆக இன்னும் 60 வைத்தால் போதும். நடுவில் அப்போது 180 கிடக்கும். மொத்தம் ஆகப்போகும் 240இல் கால் பங்குக்கு உரிமை கிடைக்கும் கை இருந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். வேடிக்கை என்னவென்றால், திறந்த சீட்டு சிறியது என்பதற்காகத்தான் அவர் அபராதம் போல 20 கட்டினார். இந்த ஆட்டத்தில் அதே இரண்டோ மூன்றோ தாழ்ந்த கைக்கு அருமையான அஸ்திவாரம். அனுபவமில்லாத திருடர்கள் அந்த இரண்டைப் பார்த்து இளக்காரமாக நினைப்பதுண்டு.

பாதிப் பங்கு என்பது இங்கே தடுப்பவருக்குக் கைகொடுக்கிறது. இருவர் மட்டும் மிஞ்சி ஆளுக்குப் பாதி பிரித்தால் தலா 120. 60 வைத்தவருக்கு 120 திரும்புகிறது. உபயம், முன்பே விலகிப்போன ஆறு பேர். இதற்குப் பிறகு ஏற்றும் தொகையெல்லாம் இருவரும் சமமாக வைத்துச் சமமாக எடுப்பதுதான். பயப்பட வேண்டியது முழுப்பணத்தையும் ஒருவரே வாரிக்கொள்ளும் நிலைக்கு. இரண்டு ராஜா வைத்திருப்பவர் ஏஸை எதிர்த்து நின்றால், தாழ்ந்த பாதியைக் கிட்டத்தட்ட எழுதிக் கொடுத்துவிட்டே நிற்கிறார். எதிராளிக்கு இன்னொரு ஏஸ் வந்தால் உயர்ந்த பாதியும் ஆட்டம் காணும். 3, 4, 6 வைத்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. பார்க்கச் சோனியான கைதான் நல்ல காவல்காரன். அதுவும் நான்காவது சீட்டு வரைக்கும்தான். அதில் உங்களுக்கு 5 வந்து அவருக்கு ராஜா விழுந்தால் மிரட்டல் உங்கள் கைக்கு மாறுகிறது. தலைகீழாக நடந்தால் ரோஷம் பார்க்காமல் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு முறை தடுக்க வந்ததாலேயே கடைசி வரை கட்டிக்கொண்டு அழுபவர்களால்தான் திருடர்கள் பிழைக்கிறார்கள்.

ஏஸ்காரர் உண்மையிலேயே ஜோடி வைத்திருக்கிறாரா என்பதையும் கொஞ்சம் உளவு பார்க்கலாம். உங்கள் மூன்று, மற்றவர்களின் திறந்த ஏழு, ஆகப் பத்துச் சீட்டு தெரியும், தெரியாதவை 42. வேறு ஏஸ் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் மூன்று ஏஸ் அந்த 42இல் இருக்கின்றன. அவருடைய கவிழ்ந்த இரண்டில் ஒன்றாவது ஏஸாக இருக்கும் வாய்ப்பு 14 சதவீதம். மற்றவர்கள் முன்னே இரண்டு ஏஸ் விழுந்திருந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் விலகுபவர்கள் திறந்த சீட்டையும் கவிழ்த்துவிடுவார்கள். எது யாரிடம் கிடந்தது என்று நினைவு வைத்திருக்க வேண்டும்.

ரம்மியில் எதிராளி கழித்த சீட்டுகளை மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கும் அத்தைகளுக்கு இது கைவந்த கலை. உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1967 நவம்பரில் வந்த தீர்ப்பு, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்றது. அதே தீர்ப்பு மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டது. சீட்டு விழுவது அதிர்ஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. 80 வைத்தவரைப் பார்த்து நிற்பதா விலகுவதா என்பதை எந்த அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறது? அந்தப் பக்கம் நீதிபதிகள் பார்வை போகவில்லை என்றே எனக்குப் படுகிறது.

கணிதக்காரர்கள் பார்வை போயிற்று. ஜான் வான் நாய்மன் 1928இல் விளையாட்டுகளின் கணிதத்துக்கு அடித்தளம் போட்டார். 1944இல் மார்கன்ஸ்டர்னோடு எழுதிய பெரிய புத்தகத்தில் போக்கரில் பொய் மிரட்டல் ஏன் தவிர்க்க முடியாதது என்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது ஹரோல்ட் குன் 1950இல் வெளியிட்ட பொம்மை ஆட்டம். மொத்தமே மூன்று சீட்டு: ராஜா, ராணி, ஜாக்கி. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு புள்ளி நடுவில். ஒருவர் இன்னொரு புள்ளி வைத்து மிரட்டலாம். ராஜா வைத்திருப்பவர் எப்போதும் நிற்பார், ஜாக்கிக்காரர் எப்போதும் விலகுவார். சங்கடம் ராணிக்குத்தான்: எதிரே இருப்பது ராஜாவா, ஜாக்கியின் பம்மாத்தா? விடை, மூன்றில் ஒரு தடவை மட்டும் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஜாக்கிகள் துணிந்து பொய் சொல்வார்கள். கூடினால் ராஜாக்கள் கொழிப்பார்கள்.

அந்த ஒரு தடவை எது என்று எதிராளிக்கு மட்டுமல்ல, நமக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது. நினைத்தபோது நிற்கிறேன் என்று கிளம்பினால் நம்மை அறியாமலே ஒரு ஒழுங்கு வந்துவிடும். இரண்டு முறை தோற்றவர் மூன்றாவது முறை வீம்புக்கு நிற்பார், அதை எதிரே இருப்பவர் எண்ணிக்கொண்டே இருப்பார். கைக்கடிகாரம் கட்டியவர்களுக்கு வழி சுலபம். மிரட்டல் வந்ததும் நொடி முள்ளைப் பார்க்க வேண்டும்: 20க்கு முன்னால் இருந்தால் நிற்பது, தாண்டியிருந்தால் ராணியைக் கவிழ்ப்பது.