சிவப்புத் தொப்பியும் கரும்புகையும்

புதுச்சேரி என்றால் கடற்காற்று! மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை, காலாற நடக்கலாம். ஆனால் இந்திரா காந்தி சிலைச் சதுக்கத்தில் நிற்கும் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரருக்கும், சாலையோரம் பூக்கட்டும் அம்மாளுக்கும் அந்தக் காற்று ஏது? பஸ்ஸும் லாரியும் கக்கும் புகைதான்.

மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாதா? போதாது. அது புழுதியைத் தடுக்கும். புகையிலுள்ள நுண்துகளோ தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. துணியைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்விடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது.

சிவப்பு விளக்கு எரியும்போது எஞ்சினை நிறுத்த நமக்கென்ன கஷ்டம்? பூக்கார அம்மாள் கூடையைச் சற்றுத் தள்ளி வைத்தால் புகை குறையும், வியாபாரமும் குறையுமே!