ஃப்ளோரன்ஸில் இருந்து ஒருநாள் டிரிப்: எந்த ஊருக்குப் போகலாம்?

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் ரூம் போட்டு, பக்கத்து ஊர்களுக்குக் காலையில் போய் இரவு திரும்புவது பலரின் பிளான். எந்த ஊர் என்பதை முடிவு செய்ய, முதலில் பயண நேரத்தைப் பாருங்க.

பீசா, லூக்கா: பீசாவுக்கு ரயிலில் சுமார் 1 மணி நேரம். சாய்ந்த கோபுரத்துக்கு அரை நாள் போதும். கோபுரத்தில் ஏறணும்னா முன்பதிவு செய்யுங்க. அங்கிருந்து அரை மணி நேரத்தில் லூக்கா. ஊரைச் சுற்றியுள்ள 4 கி.மீ. கோட்டை மதில் மேலேயே சைக்கிள் ஓட்டலாம். லூக்காவில் இருந்து ஃப்ளோரன்ஸுக்கு நேரடி ரயிலும் உண்டு.

சியன்னா: இதுக்கு பஸ்தான் வசதி. ரயில் நிலையம் மலைக்குக் கீழே இருக்கு. பஸ் பழைய நகரத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும்.

சின்க்வே தெர்ரே: கடலோரத்தில் 5 கிராமங்கள். போகவே சுமார் இரண்டரை மணி நேரம். ஒரே நாளில் ஐந்தையும் பார்க்க நினைத்தால் பாதி நாள் ரயிலிலேயே போயிடும். ஒரு இரவு தங்குவதே நல்லது.

மறக்காதீங்க: உள்ளூர் ரயிலுக்கு பேப்பர் டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் உள்ள மெஷினில் முத்திரை பதிக்கணும். இல்லைன்னா, டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம் கட்ட வேண்டி வரும்.